மரம் நமது ஊரில், ஏலம் யார் கையில்? தூத்துக்குடி மாவட்டத்தின் மரவெட்டுத் தொழிலும் தலித் உழைப்பாளர்களும்

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் உப்பளமும் முத்துக்குளிப்பும் நினைவுக்கு வருகின்றன. கடற்கரையிலிருந்து உள்ளே சென்று விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டங்களின் கரிசல் நிலத்தைப் பார்த்தால் வேறொரு தொழில் கண்ணில் படும். குளங்களிலும் கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேல மரம் அடர்ந்து நிற்கிறது. அதை வெட்டுவதும், விறகாக விற்பதும், மூட்டம் போட்டுக் கரியாக்குவதும் மழை பொய்த்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் வேலை.

முள் குத்தி, கரிப்புகை குடித்து இவ்வேலையைச் செய்வோரில் தலித் மக்கள் பெருமளவில் உள்ளனர். ஆனால், மரத்தை ஏலம் எடுப்போரின் பட்டியலில் அவர்களது பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெட்டத் தெரிந்தவருக்கு ஏலம் கேட்கத் தெரியாது என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. ஒரு குளத்தில் எத்தனை டன் விறகு தேறும் என்பதை நடந்து பார்த்தே சொல்லிவிடக் கூடியவர்கள் நம் மக்கள். அவர்களுக்கும் ஏலத்துக்கும் நடுவே நிற்கும் தடைகள் எவை, அவற்றைச் சட்டத்தின் துணையோடு எவ்வாறு உடைக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் யாருடையது?

வேலை தேடும் மரவெட்டி முதலில் அறிய வேண்டியது, மரம் நிற்கும் நிலத்தின் உரிமையாளர் யார் என்பதைத்தான். விற்கும் அதிகாரமும் விற்கும் முறையும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

பட்டா நிலத்து மரம் நில உடைமையாளருக்கு உரியது. அவர் யாருக்கும் பேசி விற்கலாம். சிறு குளங்கள், அதாவது 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உடையவை, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதைவிடப் பெரியவை முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தன. இன்று நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள புறம்போக்கு, வருவாய்த் துறைத் தரிசு ஆகியவை தனித்தனி. இவற்றுக்கு மேல் வனத்துறை வருகிறது. 1980-களில் ஸ்வீடன் நாட்டு நிதியுதவியுடன் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகக் குளங்களில் நாட்டுக் கருவேலம் பெருமளவில் நடப்பட்டது. அம்மரங்களை மதிப்பிடுவதிலும் விற்பதிலும் வனத்துறைக்குப் பங்குண்டு.

ஆகவே, “குளத்து மரம் ஏலத்துக்கு வருகிறதா?” என்று ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் கேட்டுத் திரும்புவது போதாது. ஒன்றிய அலுவலகம், நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகம், வனச்சரக அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய நான்கின் அறிவிப்புப் பலகைகளையும் பார்க்க வேண்டும்.

வெட்டக் கூடாதவற்றையும் அறிந்திருத்தல் நன்று. பனையை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதும் மரத்துக்கு மரம் வேறுபடும். வழியில் வண்டி மடக்கப்பட்டால் தண்டம் கட்டுபவர் பெரும்பாலும் கூலிக்காரரே. எனவே வேலை தொடங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது பாதுகாப்பு.

வேலை எவ்வாறு காதுக்கு எட்டுகிறது?

பட்டா நிலத்து வேலை பேச்சு வழியே வருகிறது. டீக்கடை, எடைமேடை, விறகுக்கடை, கரி வியாபாரியின் கிட்டங்கி ஆகியவையே செய்தி மையங்கள். மழைக்கு முன் நிலத்தைத் திருத்த விரும்பும் உடைமையாளர் தரகரிடம் சொல்லிவைப்பார். தரகர் வெட்டுக் குழுவைத் தேடுவார். பேரம் மூன்று விதமாக அமையும். முதலாவது மொத்தப் பேச்சு: நிற்கும் மரம் முழுவதற்கும் ஒரு தொகை. இரண்டாவது டன் கணக்கு: எடைமேடைச் சீட்டின்படி பணம். மூன்றாவது பங்கு: விற்ற தொகையில் இத்தனையில் ஒரு பாகம். மொத்தப் பேச்சில் நட்டமும் இலாபமும் வெட்டுபவரைச் சேரும். டன் கணக்கில் எடைச்சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே எசமானர்.

கையில் முதல் இல்லாத குழு இம்மூன்றிலும் இறங்க இயலாது. அப்போது கரி வியாபாரியோ ஒப்பந்தக்காரரோ தரும் முன்பணம் நுழைகிறது. முன்பணம் வாங்கியவர் வெட்டிய விறகை, போட்ட கரியை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். மண்ணால் மூடிய மூட்டத்தில் நான்கைந்து டன் விறகு வெந்தால் ஏறத்தாழ ஒரு டன் கரி கிடைக்கும். அதிலும் தூர்க்கரி, உருட்டுக்கரி, குச்சிக்கரி, தூள் என்று தரம் பிரித்து விலை வைப்பவர் வாங்குபவரே. கடன் அடுத்த பருவத்துக்கும் நீள்கிறது. தன் சொந்த அரிவாளோடு, யாருக்கும் சம்பளக்காரராக இல்லாமல் உழைக்கும் ஒருவர், சொந்தத் தொழில் செய்வதாகக் கருதிக்கொண்டே கொத்தடிமையின் விளிம்புக்கு வந்துவிடுவது இப்படித்தான்.

விளிம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை வடமாவட்டங்களில் கண்டோம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரவெட்டுக் களங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமை மீட்பில் வெளிக்கொணரப்பட்டனர். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குழந்தைகளோடு ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்கள் அவை.

அரசு ஏலம் நடக்கும் முறை

பொது நிலத்து மரத்துக்கான படிகள் துறைக்குத் துறை சிறிது மாறினாலும் பொதுவான வரிசை ஒன்றே. முதலில் மரங்கள் எண்ணப்பட்டு மதிப்பிடப்படும். அந்த மதிப்பே ஏலத்தின் தொடக்கத் தொகைக்கு அடிப்படை. ஊராட்சியாயின் தீர்மானம் வேண்டும். பின்னர் ஏல நாள், இடம், நிபந்தனைகள் அடங்கிய அறிவிப்பு வெளியாகும். அலுவலகப் பலகையில் ஒட்டுவதும் தண்டோரா போடுவதும் நாளிதழில் வெளியிடுவதும் தொகையையும் துறையையும் பொறுத்தவை. கலந்துகொள்பவர் முன்வைப்புத் தொகையை வரைவோலையாகக் கட்ட வேண்டும். சில ஏலங்களில் சொத்து மதிப்புச் சான்றும் கேட்கப்படும். அதிகத் தொகை கேட்டவருக்கு ஏலம் முடிந்தாலும், அதிகாரி உறுதி செய்து ஆணை வழங்கிய பிறகே உரிமை வரும். மீதித் தொகையைக் குறித்த நாளுக்குள் கட்டி, வெட்டு ஆணை பெற்று, கெடுவுக்குள் வெட்டி அகற்ற வேண்டும். கெடு தாண்டினால் நிற்கும் மரமும் கட்டிய பணமும் போய்விடக் கூடும்.

நிபந்தனைத் தாளில் நாம் கூர்ந்து படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: “வேரோடு அகற்ற வேண்டும்” என்பது. வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளால் 2017-இல் சீமைக் கருவேல அகற்றம் தென்மாவட்டங்களில் பெரும் இயக்கமாயிற்று. 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையையும் தமிழக அரசு வெளியிட்டது. நீர்நிலைகள் மீட்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், வேரோடு பிடுங்கும் நிபந்தனை, அரிவாளும் கடப்பாரையும் வைத்திருப்பவரை விலக்கி மண் அள்ளும் இயந்திரம் வைத்திருப்பவருக்குக் களத்தைத் திறந்துவிடுகிறது. சூழல் மீட்பின் பெயரால் யாருடைய வேலை பறிபோகிறது என்ற கேள்வி அந்த விவாதங்களில் உரிய அளவு எழவில்லை.

ஐந்து கதவுகள்

தலித் உழைப்பாளர் இந்த ஏலத்திலிருந்து வெளியே நிற்பது தற்செயலன்று. ஐந்து கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன.

முதற்கதவு, செய்தி. அறிவிப்பு ஊர்ப் பகுதியில் ஒட்டப்படும், சேரிக்கு வராது. தண்டோரா போட்டதாகக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, முன்வைப்புத் தொகை. ஒரே நாளில் சில ஆயிரங்களைத் திரட்ட வட்டிக்காரரிடம் போனால், அவரே ஏலக்காரரின் உறவினராக இருப்பார். மூன்றாவது, சொத்து மதிப்புச் சான்று. நிலமற்றவரிடம் நிலத்தின் மதிப்பைக் கேட்பது, தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டதையே தகுதியின்மை ஆக்குவதாகும்.

நான்காவது, உள் ஏலம். அரசு ஏலத்துக்கு முன்பே செல்வாக்குள்ளோர் கூடி, யார் எடுப்பது என்று தமக்குள் முடிவு செய்துகொள்வர். அரசு ஏலத்தில் ஒருவர் தொடக்கத் தொகைக்குச் சற்று மேலே கேட்பார். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மிச்சத் தொகை பின்னர் பங்கிடப்படும், அல்லது “ஊர் வரவு” எனச் சாதிக் கோயிலின் கணக்கில் சேரும். ஐந்தாவது, அச்சம். மீறி ஏலம் கேட்டவருக்கு மறுநாள் முதல் வயல் வேலை இல்லை. கடையில் பொருள் இல்லை. வண்டி வாடகைக்குக் கிடைக்காது.

பொதுச் சொத்தின் மீதான இந்தப் பிடியைக் காக்கச் சாதி எதையும் செய்யும் என்பதற்கு 1997 ஜூன் 30 சாட்சி. மேலவளவில் தனித்தொகுதி ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊராட்சித் தலைவர் பதவி என்பது நாற்காலி மட்டுமன்று. குளத்து மீனையும் மரத்தையும் ஏலம் விடும் அதிகாரமும் அதனோடு சேர்ந்தது. அந்த அதிகாரம் தலித் கைக்கு வருவதையும் சாதி பொறுக்கவில்லை. நமது மாவட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை நடத்திய தாக்குதலில் வீடுகளும் உடைமைகளும் நொறுக்கப்பட்டன. பொருளாதாரத்தில் தலைநிமிரும் தலித் ஊர் எப்படிக் குறிவைக்கப்படும் என்பதை அது காட்டியது.

கணக்கு நம் பக்கம் இருக்கிறது

ஏலத்தில் எவ்வளவு கேட்கலாம் என்பதை எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. விலையும் கூலியும் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

ஒரு குளத்தில் 100 டன் விறகு தேறும் என்று வைத்துக்கொள்வோம். டன் 3,000 ரூபாய்க்கு விற்றால் வரவு 3,00,000. வெட்டு, ஏற்றுக் கூலி டன்னுக்கு 1,200 வீதம் 1,20,000. வண்டி வாடகை டன்னுக்கு 500 வீதம் 50,000. வேர் அகற்றும் இயந்திர வாடகை 40,000. மழை, எடைக்குறைவு போன்றவற்றுக்கு 20,000 ஒதுக்குவோம். மொத்தச் செலவு 2,30,000, மீதி 70,000. இதுவே ஏலத்தில் கேட்கக் கூடிய உச்ச வரம்பு. இதற்கு மேல் போனால் கைக்காசு கரையும்.

இனி இரு தரப்பையும் ஒப்பிடுவோம். ஒப்பந்தக்காரர் 50,000-க்கு எடுத்தால் அவருக்கு இலாபம் 20,000. அதைக் கூட்ட வேண்டுமானால் அவர் கை வைக்கக் கூடிய பெரிய செலவு 1,20,000 ரூபாய்க் கூலிதான். வெட்டுபவர்களே சேர்ந்து எடுத்தால் அந்த 1,20,000 அவர்களுக்கே சேரும். மேற்கொண்டு 20,000-மும் அவர்களுக்கே. 70,000 வரை கேட்டாலும் அவர்களது கூலி குறைவதில்லை. கூலியைக் குறைக்காமலேயே அதிகத் தொகை கேட்கக் கூடியவர்கள் இவர்கள்தாம்.

உள் ஏலத்தால் அதே மரம் 25,000-க்குப் போனால் ஊராட்சி இழப்பது 45,000. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கடைசியாக வந்து சேரும் சேரிக்குத்தான் அந்த இழப்பும் முதலில் தெரியும்.

முத்துக்குளிப்பு நினைவூட்டுவது

இக்கடற்கரைக்கு ஏலம் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்பின்போது கரையேற்றிய சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் என்று பிரிக்கப்பட்டது. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக் கணக்கில் ஏலம் போயிற்று. குளித்தவர் தம் பங்கைக் கரையிலேயே தாமாக விற்கலாம். இங்கு கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961.

அப்பங்கீடு நீதியானது என்று நாம் சொல்ல வரவில்லை. மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒன்று என்பது குறைவே. ஆயினும் உழைத்தவருக்குப் பொருளின் மீதே ஒரு பங்கு உண்டு என்பதை அந்த அரசு ஏற்றிருந்தது. சுதந்திர நாட்டின் குளத்து மர ஏலமோ உழைப்பவருக்கு மரத்தில் எந்தப் பங்கையும் தரவில்லை. மரம் முழுவதும் பணம் கட்டியவருக்கு. வெட்டியவருக்குக் கூலி மட்டும், அதுவும் முன்பணத்தைக் கழித்த பின்.

சட்டம் தரும் ஆயுதங்கள்

பொதுச் சொத்தைக் கொடுப்பதில் அரசு தன் விருப்பம்போல் நடக்க முடியாது. அரசமைப்பின் 14-ஆம் உறுப்பு அதைக் கட்டுப்படுத்தும் என்று இரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இல் கூறியது. அறிவிப்பின்றி நடந்த ஏலத்தை எதிர்க்க இதுவே அடித்தளம். ஏலம் கேட்போர் கூடிப் பேசிப் போட்டியைக் கெடுப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(3)(டி)-இன்படி தடைசெய்யப்பட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. பிறருக்கு உரிமையுள்ள தொழிலையோ வணிகத்தையோ பட்டியல் சாதியினர் செய்யவிடாமல் தடுப்பது பிரிவு 3(1)(இசட்ஏ)-இன் கீழ் குற்றம். பொதுவள ஆதாரங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் அடங்கும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு பிரிவு 3(1)(இசட்சி)-இன் கீழும், ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் தடுப்பது பிரிவு 3(1)(எம்)-இன் கீழும் குற்றங்கள். ஏலக் களத்தில் “நீ கேட்கக் கூடாது” என்று மிரட்டுவது வெறும் ஊர்த் தகராறன்று. இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதியத்தக்க குற்றம்.

முன்பணக் கடனுக்கு 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துபோனது. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சேரும் என்கிறது பிரிவு 15. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் தீர்ப்பாயிற்று.

ஏலம் ஒன்றே வழியா?

உழைப்பவர்களுக்கு நேரடியாக மரத்தைக் கொடுக்கலாமே என்று கேட்டால், “பொதுச் சொத்தை ஏலம் விட்டுத்தான் ஆக வேண்டும்” என்று அதிகாரிகள் பதில் சொல்வர். அது சரியன்று. இயற்கை வளங்கள் குறித்த குடியரசுத் தலைவரின் கேள்விக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் அளித்த கருத்துரையில், ஏலம் அரசமைப்பின் கட்டாயம் அன்று என்றும், பொது நன்மையே அளவுகோல் என்றும் தெளிவுபடுத்தியது.

முன்மாதிரிகளும் உள்ளன. அன்றைய பம்பாய் மாகாணத்தில் பி.ஜி. கேர் ஆட்சியில் 1947-இல் வனத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. ஒப்பந்தக்காரர்களின் சுரண்டலிலிருந்து ஆதிவாசிகளை விடுவிக்க, காட்டின் வெட்டுப் பகுதிகள் ஏலமின்றி அச்சங்களுக்கு அளிக்கப்பட்டன. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கிராம சபை, வன உரிமைச் சட்டத்தின் வழியே 2011-இல் மூங்கிலுக்கான போக்குவரத்துச் சீட்டு வழங்கும் அதிகாரத்தைப் பெற்றுத் தானே விற்பனை செய்தது. கர்நாடகம் அரசு ஒப்பந்தப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு கொண்டுவந்தது. தொடக்கத்தில் 50 இலட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு இருந்த அந்த வரம்பு 2023-இல் ஒரு கோடியாக உயர்ந்தது. 2002-இன் போபால் பிரகடனம் முன்வைத்த கோரிக்கையும் இத்திசையிலானதே. சமூக நீதியின் முன்னோடி என்று பெருமை பேசும் தமிழகத்தில் குளத்து மர ஏலத்துக்கும் இத்தகைய ஒதுக்கீடு கேட்பது மிகையன்று.

உடனே செய்யத் தக்கவை

கல்லூரி மாணவர்களும் களப்பணியாளர்களும் தத்தம் ஒன்றியத்தில் இப்பணியைத் தொடங்கலாம். முதற்படி தகவல் உரிமை மனு. கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த நீர்நிலைகளின் மரங்கள் ஏலம் விடப்பட்டன, மதிப்பீடு எவ்வளவு, அறிவிப்பு எங்கே எந்நாளில் வெளியிடப்பட்டது, எத்தனை பேர் முன்வைப்புத் தொகை கட்டினர், இறுதித் தொகை எவ்வளவு என்று ஐந்து கேள்விகள் போதும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளில் பதில் வர வேண்டும். மதிப்பீட்டுக்குச் சற்று மேலேயே எல்லா ஏலமும் முடிந்திருந்தால், அதே சிலரது பெயர்கள் மாறி மாறி வந்திருந்தால், உள் ஏலத்தின் தடம் அதில் தெரியும்.

இரண்டாவது, கிராம சபை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஏல அறிவிப்பைச் சேரியிலும் ஒட்ட வேண்டும், நிலமற்றோருக்குச் சொத்து மதிப்புச் சான்றிலிருந்து விலக்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். நமது மாவட்ட ஊராட்சிகளில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவர் இல்லாத காலத்தில் ஏலங்கள் ஓசையின்றி முடிந்துவிடும். அப்போது கண்காணிப்பு இருமடங்கு வேண்டும்.

மூன்றாவது, குழுவாகச் சேர்தல். தனியொருவர் ஏலம் கேட்டால் மிரட்டுவது எளிது. இருபது குடும்பங்கள் பதிவுபெற்ற சங்கமாக வந்து கேட்டால் அது கடினம். முன்வைப்புத் தொகையைச் சேமிப்பிலிருந்து திரட்டவும், இயந்திர அறுவாளுக்கும் வண்டிக்கும் தாட்கோ வழிக் கடனும் மானியமும் கேட்கவும் சங்கம் வேண்டும். ஏல நாளன்று வழக்கறிஞர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காவல் பாதுகாப்பு கோரும் மனுவை முந்திய வாரமே கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. நீர்நிலை மர ஏலங்களில் ஒரு பகுதியைப் பட்டியல் சாதி உழைப்பாளர் சங்கங்களுக்கு ஒதுக்க வேண்டும். எல்லா ஏல அறிவிப்புகளையும் முடிவுகளையும் மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும். வேரகற்றும் பணியை ஏலத்திலிருந்து பிரித்து அரசே தன் செலவில் செய்ய வேண்டும்.

குளம் ஊருக்குப் பொது என்றுதான் ஆவணம் சொல்கிறது. அந்த ஊருக்குள் சேரியும் அடக்கம் என்பதை அடுத்த ஏல அறிவிப்பு வரும் நாளிலேயே நாம் நேரில் சென்று மெய்ப்பிக்க வேண்டும்.